நிலவறையில் ஒரு சம்மதம்

நீட்டிய கிளாஸை வாங்குவதா, விடுவதா என்று நித்தியானந்தன் தடுமாறிக்கொண்டு நின்றார்.

தலை நரைக்கும்வரை ஒரு துளி குடித்தறியாத மனிதர். ஆனால் நீட்டுகிறவர் சம்பந்தியாகப் போகிறவர். முதல் சந்திப்பிலேயே வேண்டாம் என்றால், தன் மனதில் இருந்ததெல்லாம் வெளியே தெரிந்துவிடும்.

மனதில் நிறைய இருந்தது. மகள் ஹரிப்பிரியா, அனோஜ் என்ற மன்னார்ப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. அவர்கள் வேதக்காரர், இவர்கள் சைவக்காரர். பெடியனின் படத்தைக் காட்ட வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவனுடைய தகப்பன் நொயல், தாய் அன்னமலர் இருவரின் படத்தைக் காட்ட வந்தாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மனைவி இருந்திருந்தால் எப்படியோ சமாளித்திருப்பாள். அவளும் இல்லை.

கடைசியில், கோயிலும் வேண்டாம், சேர்ச்சும் வேண்டாம், பொதுவான ஓரிடத்தில் பெரியவர்கள் சந்திக்கட்டும் என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். ஊருக்கு வெளியே, யாரா என்ற பள்ளத்தாக்கில் ஒரு பழைய வைன் நிலவறை. சுற்றிப் பார்க்கலாம், மேலே கஃபேயில் மதியச் சாப்பாடும் உண்டு. ஹரிப்பிரியா அவரை வாசலில் இறக்கிவிட்டு, அனோஜை ஏற்றிவர லில்லிடேல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

"அவன்ரை தாய் தகப்பன் உள்ளுக்குத்தான் நிப்பினம் அப்பா. வடிவாக் கதையுங்கோ, ப்ளீஸ்."

படியிறங்கினார். ஈரக் கல்சுவர்கள், ஆளுயர மரப் பீப்பாய்கள், பிரேத அறைபோல ஒரு குளிர். சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரேயொரு தமிழ்ச் சோடி. கணவர் பெரிய மீசைக்காரர். மனைவியின் சங்கிலியில் சிலுவை.

"பிள்ளையள்தானே இதை ஒழுங்குபண்ணினவை?" என்று கேட்டார் நித்தியானந்தன்.

"ஓம், ஓம்! எங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? வாங்கோ அண்ணை, சேர்ந்து நிப்பம்" என்று மீசைக்காரர் தோளில் கைபோட்டார். அந்தக் கையோடுதான் கிளாஸும் வந்தது.

வாங்கிவிட்டார். மருந்து குடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார்.

"அட, அண்ணை பழகின ஆள்!" மீசைக்காரர் மகிழ்ந்துபோய்த் தன் கிளாஸையும் அவர் கையில் திணித்தார்.

சுற்றிக் காட்டிய வெள்ளைக்காரப் பெண், ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கென்று வைத்திருந்த வாளியைக் காட்டினாள். சம்பந்தி தந்ததை அவர் முன்னாலேயே துப்புவதா? அதையும் விழுங்கினார். அடுத்த பீப்பாயடியில் இன்னொன்று வந்தது. காது சுட்டது. பீப்பாய்கள் மெல்ல மூச்சுவிடுவதுபோலத் தெரிந்தன.

கதையை மாற்றினால் கிளாஸ் வராது என்று நினைத்து, "உங்கடை மகனைப் பற்றிச் சொல்லுங்கோவன்" என்றார்.

மீசைக்காரரின் முகம் இறங்கியது. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையாட்டினார்.

"ஒளிக்கக் கூடாது அண்ணை. அவன்ரை முதல் கலியாணம் ரெண்டு வருஷத்திலை முறிஞ்சு போச்சு. ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருக்கு."

நித்தியானந்தன் திகைத்தார். இதை ஹரிப்பிரியா சொல்லவேயில்லை. எப்படிச் சொல்லுவாள்? படத்தைக்கூடப் பார்க்காத தகப்பனிடம்! முகத்தை மறைக்கக் கையிலிருந்ததைக் குடித்து முடித்தார். மீசைக்காரர் அடுத்ததை ஊற்றவில்லை.

"இதைச் சொன்னா ஆக்கள் கதையை நிப்பாட்டிப் போடுவினம். நீங்கள் இன்னும் நிக்கிறியள்" என்றார் அந்த அம்மா மெதுவாக.

"பேத்திக்கு என்ன வயசு?"

"நாலு. அவன்தான் வளர்க்கிறான். தலைபின்னி விடுறதும் அவன்தான்."

நித்தியானந்தன் கண்களை மூடினார். மனைவி இறந்த வருடம், பள்ளிக்கூடம் போகுமுன் ஹரிப்பிரியாவின் தலையைக் கோணல்மாணலாகப் பின்னிவிட்டது நினைவுக்கு வந்தது. பிள்ளைக்குத் தலைபின்னி விடுகிற ஒருவனை வேதக்காரன் என்றா தள்ளிவைத்தோம்?

"அண்ணை," என்று மீசைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்தார். "நான் முழு மனசோடை சொல்லுறன். உங்கடை மகனுக்கு என்ரை மகளைத் தர எனக்குச் சம்மதம். அந்தக் குழந்தையும் எனக்குப் பேத்திதான்."

தமிழ் புரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கள் அவனைக் காணவேயில்லையே!" என்றார் அந்த அம்மா.

"காணத் தேவையில்லை. தாய் தகப்பனைக் கண்டிட்டன்."

"மகள் சம்மதிப்பாவோ?"

"அவள் மாட்டன் எண்டு சொல்லவே மாட்டாள். கோயிலிலை தாலி, சேர்ச்சிலை மோதிரம். ரெண்டும் நடக்கட்டும்."

மீசைக்காரர் வாய்விட்டு அழுதார். "மாதாவே!" என்று அந்த அம்மா சிலுவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு ஆண்களும் கட்டியணைத்து நின்றார்கள். நித்தியானந்தனுக்குப் பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனதுபோல இருந்தது. மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

சுற்றிக் காட்டிய பெண் யாரோ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி அவர்களிடம் வந்தாள்.

"மன்னிக்க வேண்டும். உங்களில் மிஸ்டர் நித்தியானந்தன் யார்? மேலே கஃபேயில் மிஸ்டர் நொயலும் மனைவியும் உங்களுக்காக வெகு நேரமாகக் காத்திருக்கிறார்களாம். இரண்டு பேரும் குடிப்பதில்லையாம், அதுதான் கீழே இறங்கவில்லை."