முள்ளு டிரசரும் இரண்டு மங்கு ரப்பர் பாலும்

தன் சட்டை அளவு தெரியாமல், தன் வயிற்றின் மின்சார அளவை மட்டும் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர் ஜொகூர் மாநிலத்திலேயே எங்கள் முள்ளு டிரசர்தான். இன்னொருவர் இருந்திருந்தால் அவரும் பைத்தியம்தான், சந்தேகமே வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவில் தெப்ராவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எங்கோ ஏலத்தில் தந்தி ஆபீஸின் பழைய மின்மானி ஒன்றைப் பிடித்துவந்தார். அன்றிலிருந்து காபிக்கு முன்னால் ரப்பர் குழாயை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். குழாய்க்குள் உப்புத்தண்ணீரும் ஒரு கம்பியும். இன்னொரு கம்பி, அவர் விரலை நனைத்துக்கொண்டிருக்கும் உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தில்.

வயிற்றின் உட்சுவர் உப்பைத் துகள் துகளாகப் பிரித்து இங்குமங்கும் தள்ளித்தான் அமிலம் செய்கிறதாம். அந்தத் தள்ளலில் மின்சாரம் பிறக்கிறதாம். அமிலம் சுரக்க ஆரம்பித்தால் மின்மானி முள் இறங்குமாம். அந்த முள்ளால் வந்ததுதான் அவர் பட்டப்பெயர். வாயில் குழாயோடு சொல்வதால் பாதி புரியாது. புரியவில்லை என்றால் முதலிலிருந்து சொல்வார். அதனால் எல்லோரும் புரிந்தது என்றே சொல்லிவிடுவோம்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கருப்பனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது அப்போதுதான். நாக்கெல்லாம் புண், முகம் வெளிறி, நாலு மரம் வெட்டினால் ஐந்தாவது மரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். வெள்ளைக்காரத் துரை அதைச் சோம்பேறித்தனம் என்றார். வாரக் கடைசிக்குள் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் செக்ரோல் பதிவேட்டில் பெயரை அடித்துவிடு என்று எனக்கு உத்தரவு. பெயர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் எங்கே போவார்கள்? அடிக்கப்போகும் பேனா என் கையில்.

இது சோம்பேறித்தனம் இல்லை, நோய் என்று காட்ட டிரசர் துரையை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வயிறு ஒன்று வேண்டும், துரை குழாயை விழுங்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். துரையின் முகம் போன போக்கைப் பார்த்து என் பக்கம் திரும்பினார்.

"அப்ப கிராணியாரே, நீங்க முழுங்குங்க."

கண்ணில் நீர் முட்ட விழுங்கினேன். வாசனையில் அமிலம் சுரக்கட்டும் என்று மூக்குக்குக் கீழே அடுப்பை வைத்து நெத்திலி வறுத்தார்கள். முள் சரசரவென்று இறங்கியது. அடுத்து கருப்பன். ஒரு சட்டி நெத்திலி கருகியும் அவன் முள் அசையவில்லை. இதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று துரை தொப்பியை எடுத்தார்.

டிரசர் அவரை நிறுத்தினார். அன்று காலை வெட்டிய ரப்பர் பாலை இரண்டு மங்குக் கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தார். குழாய் வழியே எடுத்த என் வயிற்று நீரை ஒன்றில் விட்டார். பால் திரிந்து கட்டியாகிவிட்டது. கருப்பனுடையதை மற்றதில் விட்டார். பால் பாலாகவே இருந்தது. துரைக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் அமிலம் விட்டுப் பாலை உறைய வைப்பதுதான் அவர் பிழைப்பே. இரண்டு மங்கிலும் விரலை விட்டுப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பெயரை அடிக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வயிற்றில் அமிலமே இல்லாமல் இப்படி வெளிறுகிறவர்களுக்கு ஈரல்தான் மருந்து என்று டிரசர் எதிலோ படித்திருந்தார். தினமும் சைக்கிளில் பசாருக்குப் போய் ஈரல் வாங்கிவந்து, அரைவேக்காட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார். இரண்டு மாதத்தில் கருப்பன்தான் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு முதல் ஆள்.

டிரசர் விடுவாரா? அவனை மறுபடி குழாயை விழுங்க வைத்தார், மறுபடி நெத்திலி. முள் அசையவே இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. குழாயை உருவிவிட்டு, தப்புச் செய்தவர் மாதிரிச் சொன்னார்.

"வயிறு அப்படியேதான்டா இருக்கு, கருப்பா."

"முள்ளு அசையாட்டிப் போவுதுங்க ஐயா. நான் அசையிறேன்ல."

டிரசர் கம்பிகளைச் சுருட்டி வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பைத்தியக்கார மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.