வழி காட்டணும், என்னைக் காட்டக் கூடாது

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இங்கே நான் நலம், அக்கா நலம், அத்தான் நலமா இல்லையா என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி.

அத்தானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நல்லபடியாக வீடு திரும்பியதற்குப் பரிசாக, நீங்கள் ஊருக்கு வரும்போது சைக்கிளில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கி வருவதாகச் சொன்னீர்கள். "போன்ல சொன்னா மறந்துடுவேன், எது நல்லதுன்னு ஒரே வரியில எழுதி அனுப்பு, நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவனாச்சே" என்றும் சொன்னீர்கள். லிஃப்ட் கம்பெனியில் கன்ட்ரோல் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. ஒரு போர்டு வந்தால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில், மூன்றாவது முத்திரை என் மேஜையில் கிடையாது. அந்தத் திமிரில் "சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்" என்றேன். அது போன மாதம்.

போனே வழி சொல்லுமே, தனியாக ஒரு கருவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். மெதுவாக சைக்கிள் ஓட்டுவது நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டதால் அத்தான் முதல் நாள் போனோடு கிளம்பினார், வழி தவறினார், அக்கா கூப்பிடக் கூப்பிட போன் அணைந்தே கிடந்தது. வெயில் ஏறித் திரும்பி வந்தவர் "சார்ஜ் தீர்ந்துடுச்சு" என்றார். அக்கா வாங்கிப் போட்டுப் பார்த்தாள், பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. அன்றைக்கு சைக்கிளைப் பூட்டி சாவியைக் கைப்பைக்குள் போட்டவள்தான். நம்பும்படியாக ஒரு கருவி வந்தால் சாவி வெளியே வரும், இல்லையென்றால் சைக்கிள் பழைய இரும்புக்குப் போகும் என்று சொல்லிவிட்டாள். அத்தானோ அந்த சைக்கிளைத் தினமும் நின்ற இடத்திலேயே துடைத்து எண்ணெய் போடுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

சரி, தேவை என்ன என்று தெரிந்தால் தேர்வு தானாக வந்துவிடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், அங்கேதான் சனி பிடித்தது. அக்கா சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள், "அவர் எங்க நிக்கறார்னு என் போன்ல தெரியணும். நின்னா ஏன் நின்னார்னும் தெரியணும்." ஏன் நின்றார் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது என்றேன். "அப்புறம் எதுக்குடா அத்தனையை மேல அனுப்பி வச்சிருக்கானுங்க" என்றாள். அத்தான் மாடிப்படியில் என்னை மடக்கி, "மச்சான், அது எனக்கு வழி காட்டணும். என்னைக் காட்டக் கூடாது" என்றார். இவளுக்கு நாடித்துடிப்பு காட்டும் நெஞ்சுப் பட்டை வேண்டும், அவருக்குப் பட்டையைக் கண்டாலே நாடி துடிக்கிறது. நான் இரண்டையும் ஒரே தாளில் எழுதி சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் படித்துவிட்டு, "யார் சார் ஓட்டப் போறது?" என்றார். நான் இல்லை என்றேன். "அப்ப யார் ஓட்டறாங்க?" இப்போதைக்கு யாரும் ஓட்டவில்லை, ஓட்ட விடுவார்களா என்றுதான் பார்க்கிறோம் என்றேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, விற்பனைக்கு எதுவும் இல்லை, காட்சிக்கு வைத்த மூன்றைக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

முதல் சோதனையாக மூன்றையும் மொட்டை மாடியில் ஒரு பகல் முழுக்க அசையாமல் வைத்தேன். அசையாத பொருளை அசையவில்லை என்று சொல்கிறதா பார்க்க வேண்டும், இதுதான் முறை. சாயங்காலம் எடுத்தால் ஒரு கருவி இரண்டு கிலோமீட்டர் போயிருந்தது, இன்னொன்று மேடெல்லாம் ஏறி இறங்கியிருந்தது. சிக்னல் சிதறினால் இப்படி ஆகும், இது இயல்பு என்று விளக்கினேன். அக்கா கேட்டாளே ஒரு கேள்வி, "சும்மா கிடந்ததே ரெண்டு கிலோமீட்டர் போய் வந்தேங்குது. இந்தப் புளுகுணியை நம்பியா இவரை அனுப்பச் சொல்றே?" அத்தான் பெருமூச்சு விட்டார், "டப்பாவுக்குக்கூட வெளியே போய்வர அனுமதி இருக்கு." மூன்றாவது கருவி யோக்கியமாக இருந்த இடத்திலேயே இருந்தது. ஓட்டுபவர் விழுந்தால் போனுக்குச் சேதி அனுப்பும் ரகம் அது, அக்காவின் போனோடு இணைத்து வைத்திருந்தேன். அதற்கு நான் பாஸ் போடப் போன நேரத்தில் அத்தான் அதை மேஜை மேல் டொக்கென்று வைத்தார், அக்காவின் போன் அலறியது. அவள் படித்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம், "நீங்க விழுந்துட்டீங்களாம்" என்றாள். "எப்போ?" "இப்பத்தான்." அவர் குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இதற்குமேல் நான் எதையும் விளக்கவில்லை. என்ன நடந்தது என்றால், மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு அக்கா, இந்த வீட்டில் படித்தவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நானே பார்க்கிறேன் என்று மூன்றாவது கருவியை சைக்கிளில் மாட்டியிருக்கிறாள். பள்ளிக்கூட நாளில் ஓட்டியவள்தானே. "தெரு முனை வரைக்கும் போறேன், நான் எங்க இருக்கேன்னு தெரியுதா பாருங்க" என்று தன் போனை அத்தான் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். சித்தி, அந்தக் கருவிக்கு சிம் கிடையாது, இருக்கும் இடத்தைப் போன் வழியாகத்தான் அனுப்பும். கருவி இவளோடு போனது, போன் வீட்டிலேயே இருந்தது. போதாக்குறைக்கு, கடைக்காரரின் சைக்கிள் குழு போய்வரும் நீண்ட பாதை ஒன்று அதில் ஏற்கெனவே ஏற்றி இருந்திருக்கிறது. அம்பு திரும்பச் சொன்ன இடத்திலெல்லாம் இவள் திரும்பியிருக்கிறாள்.

சோதனைக் கூடத்தில் இருந்த எனக்கு அத்தானிடமிருந்து போன். "மச்சான், உங்க அக்கா சாப்பாட்டு மேஜை மேல இருக்கா." என்ன அத்தான் சொல்றீங்க என்றேன். "போன்ல அப்படித்தான் காட்டுது. மேஜைக்கு அடியிலகூடப் பாத்துட்டேன். ஆளைக் காணோம், கிளம்பி ரொம்ப நேரம் ஆச்சு." கையில் இருந்த போர்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். அத்தான் செருப்புகூடப் போடாமல் தெரு முனையில் நின்று, வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை, நான் தேடிப் போகிறேன் என்றால் கையை விடவில்லை. கடைசியில் அக்கா எதிர்த்திசையிலிருந்து, முகமெல்லாம் சிவந்து, மணியடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். ஏரிக்கரை வரை போயிருக்கிறாள்.

"இவ்வளவு தூரம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? நான் செத்தே போயிருப்பேன்" என்றார் அத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயெடுத்துச் சொன்னதில்லை. அக்கா சைக்கிளை என்னிடம் தள்ளிவிட்டு, அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள். "அன்னிக்கு நான் திரும்பி வர்ற வரைக்கும் இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் என் பக்கம் திரும்பி, "மச்சான், என்னையும் காட்டட்டும். பட்டையும் கட்டிக்கிறேன்" என்றார். அக்கா சாவியை மேஜை மேல் வைத்தாள்.

ஆக, நீங்கள் கேட்ட ஒரே வரி இதோ: உள்ளேயே சிம் போடும் வசதியுள்ள, தொடுதிரை இல்லாமல் பொத்தான் வைத்த, நெஞ்சுப் பட்டையோடு சேர்ந்து வரும் நடுத்தர அளவுக் கருவி, நிறம் எதுவானாலும் சரி. இதைச் சொன்னால் அங்கே எந்தக் கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். யோசிக்காமல் வாங்குங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், குட்டிகளுக்கு முத்தம். உங்கள் பயணம் தடங்கல் இல்லாமல் அமைய வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: வாங்க வேண்டாம். இன்று காலை அக்கா, "அந்தப் புதுசு, ஓட்டறது யாரா இருந்தாலும் காட்டுமா?" என்று கேட்டாள். காட்டும் என்றேன். "நான் எங்க போறேன்னு நாலு பேர் பாக்கணுமா? அதெல்லாம் வேணாம், நானே இவர்கூடப் போறேன்" என்று பக்கத்து வீட்டு சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பிவிட்டார்கள். இரண்டு போனும் சாப்பாட்டு மேஜை மேல் கிடக்கின்றன. எந்தப் பக்கம் போனார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். சித்தி, இருவர் சைக்கிளிலும் அவர்களுக்குத் தெரியாமல் ஒட்டி வைக்கிற மாதிரி, ரொம்பச் சின்னதாக, அங்கே ஏதாவது கிடைக்கிறதா என்று கொஞ்சம் விசாரியுங்கள்.