பனிக்கட்டி மேல் பழி

டர்பைனுக்குள் விட்ட கேமராவின் திரையில் அந்த வடுக்களைப் பார்த்ததும் இல்போ இன்னும் கிட்டே குனிந்தான். கெட்டியான ஏதோ ஒன்று மோதி, டர்பைனின் முதல் வரிசை பிளேடுகள் ரம்பப் பல்லாகக் கிழிந்திருந்தன.

இலையுதிர் காலத்தில் டர்பைனுக்குக் காற்று போகும் குழாய்க்குள் தவழ்ந்து போய்ச் சோதித்தவன் அவன்தான். அன்றைக்குத்தான் அவனுடைய டார்ச் லைட் காணாமல் போனது. இப்போது டர்பைன் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்கப் பராமரிப்புக் கம்பெனி அனுப்பியிருப்பதும் அவனைத்தான்!

"என்னய்யா தெரியுது?" மின்நிலைய மேலாளர் சிர்க்கா பின்னால் வந்து நின்றாள். "இங்கேருந்து சூடு போகாம ஊர் முழுக்க வீட்டு ரேடியேட்டர் சில்லுனு கிடக்கு. ஜனங்க விறகு போட்டு சவுனா நீராவி அறையில படுத்துத் தூங்குறாங்க. மேயர் போன் மேல போன் போடுறார்."

இல்போ திரையைச் சட்டென்று அணைத்தான். "பனிக்கட்டிதான். குழாய்ல உறைஞ்சு, பேந்து உள்ளே போயிருக்கு."

"நான் அப்பவே நெனச்சேன்! எழுதிக் கையெழுத்தைப் போடு." பேனாவைக்கூட அவளே நீட்டினாள்.

இன்ஷூரன்ஸ்காரர் வொய்த்தோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பனி உறையாம இருக்கத்தானே அங்க ஹீட்டர் வெச்சிருக்கு? போட்டுப் பாத்துடுவோமா?"

போட்டார்கள். தொட்டுப் பார்த்த வொய்த்தோ "ஆ!" என்று கையை உதறினார்.

"அப்ப பேரிங்தான்," என்றான் இல்போ. "பேரிங் தேஞ்சு, ரோட்டர் ஆடி, பிளேடு உரசியிருக்கு."

"ஆமா ஆமா, எனக்கே அந்த ஆட்டம் கேட்டுது," என்றாள் சிர்க்கா.

"கழட்டிப் பாத்துடலாம்," என்றார் வொய்த்தோ.

பேரிங் புதுக் கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் தெரிந்த தன் முகத்தை இல்போவுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. கழற்றியதைத் திரும்ப மாட்டவே இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஊரில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள்.

இல்போ வாய்க்கு வந்ததைச் சொன்னான். "பிளேடு வார்ப்புலயே கோளாறு."

வொய்த்தோவின் முகம் வெளிறியது. போனை எடுத்தார். "இதே பிளேடு போட்ட மெஷின் இன்னும் நாலு ஊர்ல ஓடுது. உடனே நிறுத்தச் சொல்லணும்."

நாலு ஊர். இந்தக் குளிரில். ஆஸ்பத்திரி, தொட்டில் குழந்தைகள்... இல்போ பாய்ந்து போனைப் பிடுங்கினான்.

"நிறுத்தாதீங்க! பிளேடு தங்கமான பிளேடு. என் டார்ச்சை நான்தான் உள்ளயே விட்டுட்டு வந்துட்டேன். அதுதான் உடைச்சிருக்கு. வேலை போனா போகட்டும்!"

வொய்த்தோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சிர்க்கா கருவிப் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். நெஞ்சில் கை வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"உன் டார்ச்சா? அடப்பாவி, என் பிளாஸ்க் மூடிதான் உள்ள விழுந்து உடைச்சுடுச்சுன்னுல்ல நான் ஒரு வாரமா தூக்கமில்லாம கிடக்கேன்!"