குப்புறப் படுத்தபடி ‘வாங்க’ கேட்டவன்

எங்கள் கொங்குச் சீமையில் ஒருவரைப் பகைத்துக்கொள்ளச் சண்டை போட வேண்டியதில்லை. எதிரே வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் போதும், தலைமுறைக்கும் பேச்சு அறுந்துவிடும். (என் பெரியம்மா வீட்டோடு எங்களுக்கு அப்படித்தான் அறுந்தது. நாங்கள் கேட்டோம், அவர்கள் காதில் விழவில்லை என்பது எங்கள் கட்சி.)

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. மகளுக்குப் பல்லடத்தில் மாப்பிள்ளை முடிவான சமயத்தில், பெரிய பயில்வான் போல ஒரு பம்பு வார்ப்பைத் தனியாகத் தூக்கினேன். வார்ப்பு எழுந்தது, நான் எழவில்லை. ஸ்கேன் பார்த்ததில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்குகிறதாம். மாத்திரை, பிசியோதெரபி எதற்கும் அந்த வலி மசியவில்லை. நிச்சயதார்த்தமோ நெருங்கிவிட்டது.

“பொண்ணோட அப்பனுக்கு இடுப்பு போயிருச்சாமான்னு பல்லடத்துல பேச்சு கெளம்புச்சுன்னா, சம்பந்தம் என்னாவறதுங்க? மூச்சு உட்றாதீங்க” என்றாள் என் மனைவி. மகளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. என் இடுப்பால் அவள் கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம். சம்பந்தி வீட்டுக்கு, நான் மெஷின் பார்க்க வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு, காந்திபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முதுகுத்தண்டில் ஊசி போடலாம் என்றார் டாக்டர். “நரம்பைச் சுத்தி இருக்கற வீக்கம் வத்தறதுக்கு ஸ்டீராய்டு கலந்து போடறமுங்க. சில பேருத்துக்கு அது இல்லாம, மரத்துப்போற மருந்து மட்டும் போடறதும் உண்டு.”

“ஸ்டீராய்டுன்னா ஜிம்முக்குப் போற பசங்க போட்டுக்கறதுங்களா?” என்று கேட்டாள் மனைவி, என் புஜத்தைச் சந்தேகமாகப் பார்த்தபடி.

“அது வேறைங்க அம்மணி. இதுல சர்க்கரை கொஞ்ச நாளைக்கு ஏறும். வலி எல்லாருத்துக்கும் ஒரே மாதிரி கொறையும்னும் சொல்ல முடியாதுங்க.”

ஊசி அறையில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்தார்கள். போட்டிருந்த கவுனுக்கு முன்பக்கம் உண்டு, பின்பக்கம் கிடையாது. கழுத்தில் மட்டும் ஒரு முடிச்சு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குவார்களாம். “துளி அசையக் கூடாதுங்க” என்றார் டாக்டர். மூச்சைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் விட்டேன்.

அப்போது என் கால்மாட்டுப் பக்கம் கதவு திறந்தது. எக்ஸ்ரே மெஷினை இயக்குகிறவர் நர்ஸிடம் ஏதோ பேசிக்கொண்டே உள்ளே வந்தார். அது எனக்குத் தெரிந்த குரல். மாப்பிள்ளையின் சித்தப்பா. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் கேசரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அவர் கோயமுத்தூரில் ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டோமா என்றால், இல்லை.

என் முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது. பேசாமல் கிடந்திருந்தால் ஊசியும் முடிந்திருக்கும், ரகசியமும் பிழைத்திருக்கும். புத்தி அதைத்தான் சொன்னது. ஆனால் சம்பந்தி வீட்டு ஆள் வந்து நிற்க, வாங்க என்று கேட்காமல் கிடப்பதா? உடம்பு புத்தியைக் கேட்கவில்லை. வலியை மறந்து மேசைமேல் முட்டிபோட்டு எழுந்து, தலையை மட்டும் பின்னால் திருப்பிக் கும்பிட்டேன்.

“வாங்க மச்சான், வாங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?”

கழுத்து முடிச்சு அவிழ்ந்தது. மிச்சத்தை நான் எழுதப்போவதில்லை.

அவரும் எங்கள் சீமைக்காரர்தானே. மெஷினை விட்டு முன்னால் வந்து கும்பிட்டார். “இருக்கட்டுமுங்க மச்சான். எல்லாரும் சௌக்கியமுங்க. பாப்பா நல்லாருக்குதுங்களா?”

நல்லவேளை, ஊசி இன்னும் டாக்டர் கையில்தான் இருந்தது. அதைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் கேட்டு முடிச்சாச்சுங்களா? நான் ஊசி போடலாமுங்களா?”

போட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவன், சம்பந்தம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். மனைவி அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். மகள் மட்டும் கட்டிலருகே உட்கார்ந்து, “உங்க இடுப்பு நல்லானாப் போதுமுங்கப்பா” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சம்பந்தி குடும்பத்தோடு ஹார்லிக்ஸ், ஆப்பிள் சகிதம் வந்து இறங்கினார். நான் எழப் பார்த்ததும் தோளைப் பிடித்து அமுக்கினார். “படுங்க சம்பந்தி. சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பனுங்களே. தம்பி எல்லாத்தையும் பாத்துப்போட்டான். இனி நமக்குள்ள மறைக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?”

வலி மெல்ல மெல்லக் குறைந்தது. கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் வாங்க, வாங்க என்று கேட்டேன். சித்தப்பா மட்டும் என்னைத் தாண்டி உள்ளே போய், நின்று, திரும்பி, என் முதுகுப் பக்கமாக வந்து தோளைத் தொட்டார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க மச்சான். முன்னால இருந்து பாத்தா எனக்கு அடையாளமே தெரியலீங்க.”

இன்றைக்கும் மகள் வீட்டுக்குப் போனால், என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ‘வாங்க’ கேட்கிறார்கள்.