லித்தியத்துக்கு வைத்த பொட்டு

படித்தவனுக்குப் புத்தி இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை என்னை வந்து பார்க்கலாம். (ஒத்தக்கடைப் பக்கம்தான் வீடு, விசாரிச்சு வாங்க.)

அப்போது பேட்டரி ஆராய்ச்சியில் எனக்கு இரண்டாம் வருஷம். சீனியர் பாத்திமா அக்கா. லித்திய உலோகத்தில் பேட்டரி செய்தால் சார்ஜ் அம்புட்டு நிற்கும். ஆனால் சார்ஜ் ஏற்ற ஏற்ற அதன்மேல் முள் முளைத்து பேட்டரியையே குத்திக் கெடுத்துவிடும். அந்த முள்ளை அடக்கும் ஒரு பூச்சைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு நாலு வருஷம் ஆனது. பூச்சு பூசிய எட்டே எட்டு லித்திய வில்லைகள், ஆர்கான் வாயு அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கடைசி சோதனை முடிந்தால் அக்காவுக்கு டாக்டர் பட்டம். ஈரம் பட்டால் போச்சு. "பாத்துக்க தம்பி, ரெண்டு நாள்ல வாரேன்" என்று ஒரு கல்யாணத்துக்குப் போனார்.

மறுநாள் ஆயுத பூஜை. லேப்பில் ஃபேன் முதல் தராசு வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அக்காவின் வில்லைகளை மட்டும் விட மனசு கேட்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைப் பெட்டியின் நுழைவறையில் வைத்து, வெளிக்காற்று உள்ளே போகாதபடி அங்கிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தேன். சந்தனம் குமிழ் விட்டது. நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஈரத்தின் ஆபத்து பற்றி வகுப்பெடுத்தவனும் இந்தப் புண்ணியவான்தான்.)

பெட்டியின் கையுறைக்குள் கைவிட்டு, கிண்ணத்தை உள்ளே இழுத்து, எட்டுக்கும் நட்டநடுவே பொட்டு வைத்தேன். பூச்சு பாவம், எட்டாவது பொட்டு முடியும்வரை தாங்கியது. பிறகு ஒவ்வொன்றாகச் சீறியது. வெள்ளியாக மின்னிய வில்லைகள் என் கண்ணெதிரே கறுத்தன. ஈரம் காட்டும் மீட்டர் கத்த ஆரம்பித்தது. கையை வெளியே உருவக்கூடத் தோன்றாமல், வாயைப் பிளந்தபடி நின்றேன். உள்ளே காற்று இல்லாததால் தீப்பிடிக்கவில்லை, அதுவரைக்கும் மீனாட்சி காப்பாற்றினாள்.

போன் போட்டதும் அக்கா பட்டுச்சேலையோடு வந்து நின்றார்.

"தம்பி, லித்தியத்துக்கு ஆகாதது எது?"

"தண்ணிக்கா."

"சந்தனத்தை எதுல கரைச்ச?"

"சத்தியமா தண்ணியத் தொடலக்கா. பன்னீர்லதான்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று பார்த்தேன், அழுதுவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த எட்டு மாசம், ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல், அக்காவுடன் நின்று புதிதாக எட்டு வில்லைகள் செய்தேன். சோதனை ஜெயித்தது, பட்டமும் கிடைத்தது. தீசிஸின் நன்றிப் பக்கத்தில் எல்லோருக்கும் கடைசியாக என் பெயரையும் போட்டிருந்தார்: இவருடைய பக்தி இல்லாதிருந்தால் இந்த ஆய்வு எட்டு மாதம் முன்பே முடிந்திருக்கும்.

மகன் பெயர் அச்சில் வந்திருக்கிறதே என்று அம்மா அந்தப் பக்கத்தை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். கல்யாணமாகி வந்த அன்றே என் மனைவி அதை நின்று, நிதானமாகப் படித்தாள். இன்றைக்கும் அடுப்படியில் நான் எதற்காவது கை நீட்டினால், கரண்டியைக் குறுக்கே நீட்டி ஒரே கேள்விதான் கேட்கிறாள்:

"உதவியா, பக்தியா?"