குடைக்கு ஒரு கூடை

கடையை மூடுவது எளிது. பூட்டும் சாவியும் போதும். கடையைத் திறந்து வைத்துக்கொண்டே அதில் ஒருவரும் எதையும் வாங்க முடியாதபடி நடத்துவதற்குத்தான் தொலைநோக்கு வேண்டும். கடைத்தெருவில் அந்தத் தொலைநோக்கு குடைக்காரர் ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது.

அதுவரை அவர் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். குடை கேட்டால் எடுத்து, ஒருமுறை விரித்துப் பார்த்து, மடக்கிக் கொடுப்பார். கல்லாவில் அவர் மனைவி. தெருவே அவரைக் ‘கடையம்மா’ என்றுதான் கூப்பிடும். இப்படி எந்த வளர்ச்சியும் இல்லாமல் பல வருடங்களாக வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் எதிரே இருந்த செருப்புக் கடையில் புதிதாக ஒரு பலகை தொங்கியது: ‘இனி இணையத்திலும்!’ அன்றிலிருந்து குடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“அத்தான், வெப்சைட் ஒரு விஷயமே இல்ல. கூடைதான் விஷயம்” என்றான் மச்சான். கடையம்மாவின் தம்பியான அவன், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் அக்கா வீட்டில் தங்கிப் போக வந்தவன். நடுவு கொஞ்சம் நீண்டுவிட்டது.

“நாம குடைதானேடா விக்கிறோம்?”

“கூடை, அத்தான், கூடை! ஷாப்பிங் கார்ட். வாங்கறவங்க பொருளை எடுத்துப் போட்டு, காசு கட்டிட்டுப் போற சாஃப்ட்வேர். அது சரியில்லன்னா குடை நகராது. ஊர்ல நூறு விதமான கூடை இருக்கு. நாமதான் பாத்து எடுக்கணும்.”

பார்த்து எடுப்பதற்காக ‘கூடைத் தேர்வு உயர்மட்டக் குழு’ உருவானது. தலைவர் குடைக்காரர். செயலாளர் மச்சான். ஆலோசகராக ஒருவர் வந்தார். எந்த வெயிலிலும் கையில்லாத கோட்டைக் கழற்றாதவர். கேள்வி எதுவாக இருந்தாலும் வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டுப் பதில் சொல்பவர். கடையம்மாவைக் குழுவில் சேர்க்கவில்லை. வாடிக்கையாளர்களோடு தினமும் பேசுகிறவர் என்பதால் அவருடைய கருத்து ஒருதலைப்பட்சமாக இருக்கும் என்று ஆலோசகர் தெளிவுபடுத்தினார்.

முதல் கூட்டம் கடையின் பின்னறையில், கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கிய குடைகளுக்குக் கீழே நடந்தது. இணையக் கடைத் திரையின் மூலையில் என்ன படம் வர வேண்டும் என்பதுதான் விவாதப் பொருள். தள்ளுவண்டியா, கூடையா, பையா?

“வண்டின்னா வேகம். கூடைன்னா பாசம். பைன்னா நம்பிக்கை” என்று மூன்று வட்டம் போட்டார் ஆலோசகர்.

“ஒத்தைக் குடையை யாரு சார் வண்டியில தள்ளிக்கிட்டுப் போவாங்க?” என்றார் குடைக்காரர்.

“அருமையான கேள்வி” என்றார் ஆலோசகர். அந்தக் கேள்வியை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அதிலும் அதே மூன்று பேர்.

பிறகு ஒவ்வொரு மென்பொருளாக வரவழைத்துச் சோதித்தார்கள். ஒன்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தமிழாக்கியவருக்கு நெடிலுக்குச் சுழி போடும் பழக்கமில்லை. ‘உங்கள் குடை காலியாக உள்ளது’ என்று திரையில் வந்தது.

“குடைன்னா காலியாத்தானேடா இருக்கும்? உள்ள என்னத்த வைக்கச் சொல்றான்?”

“அது கூடை, அத்தான். சுழி விட்டுப்போச்சு.”

“சுழி இல்லாத கூடை நமக்கு வேணாம். ஒரு பிடிப்பு வேணும்ல?”

அது நிராகரிக்கப்பட்டது.

இன்னொன்று பாதுகாப்பில் கெட்டி. வாங்குவதற்கு முன் ‘நீங்கள் மனிதர்தானா?’ என்று கேட்டு, ஒன்பது சிறு படங்களைக் காட்டி, குடை உள்ளவற்றைத் தொடச் சொன்னது. குடைக்காரர் முகம் மலர்ந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“இது குடை. இது குடை. இது... கடற்கரையில நட்டு வைக்கறது. இது குடை இல்ல, கூடாரம்.”

‘மன்னிக்கவும். மீண்டும் முயலவும்’ என்றது இயந்திரம்.

“இங்க ஓரத்துல கம்பி நுனி மட்டும் தெரியுதே, அதையும் தொடணுமா? கம்பியே துருப்பிடிச்ச கம்பி. இதையெல்லாம் குடைன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

‘நீங்கள் மனிதர் என்று உறுதிசெய்ய முடியவில்லை.’

குடைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தான். “பாதுகாப்பு, பிரமாதம்” என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

இதற்குள் மழை வந்துவிட்டது. குழுவிடம் அனுமதி வாங்காமல் வந்த மழை. தெரு முழுக்க ஆறாக ஓடியது. ஒரு பெண்மணி சொட்டச் சொட்டக் கடைக்குள் ஓடி வந்தார்.

“ஒரு குடை குடுங்கம்மா. எதுவா இருந்தாலும் சரி.”

கடையம்மா கையை நீட்டி ஒன்றை எடுத்தார். பின்னறையிலிருந்து மச்சான் பாய்ந்து வந்தான்.

“அக்கா! வைக்கா அதை! சரக்கு ‘முடக்கம்’!”

“என்ன எழவுடா அது?”

ஆலோசகர் வந்து விளக்கினார். “கம்ப்யூட்டர்ல ஏத்தின குடையும் கடையில இருக்கற குடையும் சரியா இருக்கணும் மேடம். கூடை தேர்வாகிற வரைக்கும் ஒரு குடைகூட வெளிய போகக் கூடாது.”

“அப்ப நான் எப்ப வரட்டும்?” என்று கேட்டார் நனைந்தவர்.

“நீங்க வரவே வேண்டாம். அதான் இதோட சிறப்பே” என்றார் ஆலோசகர்.

அந்தப் பெண்மணி எதிர்க்கடைக்கு ஓடினார். சற்று நேரத்தில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவில் போனார். குடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் நிறைய குடை. கடைக்கு வெளியே நிறைய தலை. அவர் கை தானாக மேலே போனது.

“சார், இப்ப ஒண்ணை வித்தா மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணணும்” என்றார் ஆலோசகர்.

கை இறங்கிவிட்டது. கடையம்மா அதைப் பார்த்தார். கல்லாவைச் சாத்திவிட்டு மாடியிலிருக்கும் வீட்டுக்குப் போய்விட்டார்.

மழைக்காலம் முழுவதும் குழு உழைத்தது. கடைசியில், அதே ‘மனிதர்தானா’ சோதனையோடு வந்த ஒரு கூடை எல்லோர் மனதையும் கவர்ந்தது. யாராவது குடையைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனால், அவர்களுக்கு அது செய்தி அனுப்பும்: ‘உங்களை நினைத்து உங்கள் குடை விரியாமல் கிடக்கிறது.’ இதைப் படித்ததும் குடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையே தேர்ந்தெடுத்தார்கள். மேகம் ஒன்றுகூட இல்லாத ஒரு நல்ல நாளில், பளீரென்ற வெயிலில், இணையக் கடை திறந்தது.

உடனே ஓர் ஆர்டர் வந்தது.

“வந்துடுச்சு, அத்தான்!” மச்சான் துள்ளினான். மூவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

“எந்த ஊரு பாரு!”

மச்சான் விலாசத்தைப் படித்தான். குடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். “எங்கயோ கேட்ட விலாசமா இருக்கேடா.”

“உங்க வீடுதான், அத்தான். மாடி.”

வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் வாடிக்கையாளர்தான். குடைக்காரர் தானே குடையைப் பொட்டலம் கட்டி, படியேறிப் போய், தன் வீட்டுக் கதவைத் தட்டினார். கடையம்மா திறந்தார்.

“உன்னை மட்டும் மனுஷின்னு எப்படி ஒத்துக்கிச்சு அது?” என்றார் குடைக்காரர்.

“எனக்கும் அதுக்கும் ஒரு தகராறும் இல்ல. குடுங்க” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அவர் படியிறங்கி வருவதற்குள் கீழே கணினி மணி அடித்திருந்தது. பொருள் திருப்பி அனுப்பப்படுகிறதாம். வாங்குவதற்கு எத்தனையோ திரைகளைத் தாண்ட வேண்டிய அந்த மென்பொருளில், திருப்பி அனுப்ப ஒரே ஒரு சொடுக்குதான். அதன் ஆற்றலைக் குழு மனதாரப் பாராட்டியது. பிறகு, வாடிக்கையாளர் எழுதியிருந்த காரணத்தை மச்சான் குழுவின் முன் வாசித்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

‘குடையில் ஒரு குறையும் இல்லை. கூட இருப்பவரைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு எங்கே அழுத்துவது?’

ஆலோசகர் எழுந்து பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டார்.

“நியாயமான தேவை. எந்த சாஃப்ட்வேர்லயும் இந்த வசதி இல்ல. நாம சேர்த்துடலாம். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முதலில் உயர்ந்தது தலைவரின் கை.