நாலாவது பீரியட்

"நாலாவது பீரியடை மட்டும் தொடாதீங்கப்பா" என்று டெலேனி கெஞ்சியதால், அவளுடைய பாட அட்டவணையில் கர்ட் முதலில் அதைத்தான் தொட்டார்.

நாலாவது பீரியட், கர்ட்டே நடத்தும் மரவேலை வகுப்பு. நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளியில் எத்தனையோ வருடங்களாக ஸ்டூலும் பறவைக் கூண்டும் செய்யக் கற்றுக்கொடுக்கிறார். ஊரார் பிள்ளைகளிடம் "கைத்தொழில் மாதிரி வருமா?" என்று முழங்குவார். சொந்த மகள் அடுத்த வருடத்துக்கு அந்த வகுப்பைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது.

"மத்த பசங்க பலகை அறுக்கட்டும். நீ டாக்டருக்குப் படிக்கணும். அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரியும் அதே பீரியட்லதான் இருக்கு."

"எனக்கு அந்த வகுப்பு வேணும்ப்பா."

"வகுப்பா, அரட்டையா? கேன்டீன்ல சினமன் ரோலும் கையுமா மேஜை மேஜையா நீ சுத்துறதை நான் பார்க்கலேன்னு நினைச்சியா? அந்த ஃபுட்பால் தடியன்களோட உனக்கென்ன பேச்சு?"

டெலேனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பள்ளி அலுவலகத்தில் பாட அட்டவணை போடும் ஷெரில் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "உங்க வகுப்புலேர்ந்து எடுத்துடவா? பன்னிரண்டு பேர்கூட இல்லாத வகுப்பை மூடிடுவாங்களாம், தெரியுமில்ல?"

"என் வகுப்பையா? இந்த வருஷம் ஃபுட்பால் டீமே வந்து பேர் குடுத்திருக்கு. இப்பதான் ஜனங்களுக்கு என் அருமை தெரியுது!"

எத்தனை பேர் என்று அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, கெமிஸ்ட்ரி போட்டாச்சு. ஆனா அதோட லேப் அஞ்சாவது பீரியட்ல வருது. பாட்டு வகுப்பு போயிடும்."

"போகட்டும். பாடி யாரைக் கரையேத்தப் போறா?"

"கலைப் பாடம் ஒண்ணு இல்லாம பள்ளிப் படிப்பு முடியாதே. மண்பாண்டம் இருக்கு, முதல் பீரியட். ஆனா அங்கே உடற்பயிற்சி உட்கார்ந்திருக்கு."

"அதைத் தூக்குங்க."

"அதுவும் கட்டாயம். விடியறதுக்கு முன்னால ஒரு நீச்சல் வகுப்பு இருக்கு."

"குளிச்ச மாதிரியும் ஆச்சு."

"குடிமையியலும் கட்டாயம், அது இன்னும் பாக்கி. காலியா இருக்கிறது சாப்பாட்டு நேரம் மட்டும்தான்."

கர்ட் கொஞ்சம் தயங்கினார். "பையில சாண்ட்விச் வச்சுக்கட்டும். நடந்துக்கிட்டே சாப்பிடலாம்."

ஷெரில் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நீங்க மகளைப் படிக்க அனுப்புறீங்களா, ராணுவத்துக்கா?"

ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"பதினொரு பேர்தான், கர்ட். ஒண்ணு குறையுது."

"டெலேனியைத் திரும்பச் சேர்த்துட்டா?"

"பசங்களை எல்லாம் வேற வகுப்புக்குப் பிரிச்சு அனுப்பியாச்சு. அதுக்குப் பதிலா இனிமே சாப்பாட்டு நேரத்துல நீங்க கேன்டீனைப் பார்த்துக்கங்க."

மரவேலைக் கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. கர்ட் தினமும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். டெலேனி இருட்டில் கிளம்பி, ஈரத் தலையோடு பள்ளியில் நடுங்கி, இரவுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தாள். கர்ட் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார். அவளைத் தன் பக்கத்திலேயே, ஒரு உளியைப் பிடிக்கவிட்டு வைத்திருக்கலாம். ஒரே ஒரு வருடம்தானே கேட்டாள்!

"கோபமாம்மா?"

"இல்லப்பா. நீங்க சாப்பிடுங்க."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கேன்டீனில் அந்த வருடத்தின் முதல் சில்லி நாள் வந்தது. அந்த ஊரில் கறியும் பீன்ஸும் கொதிக்கும் சில்லிக் குழம்புக்குத் துணையாக, பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டியான சினமன் ரோலைக் கொடுக்காவிட்டால் கலவரமே வந்துவிடும். கர்ட் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார். பரிமாறும் வெரா கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வாத்தியாரே, டெலேனி ஏன் சாப்பிடவே வர்றதில்ல?"

"சாப்பாட்டு நேரத்துல அவளுக்கு வகுப்பு."

"அடப் பாவமே!" வெரா இருந்ததிலேயே பெரிய ரோலாகப் பார்த்து எடுத்துத் தாளில் சுற்றினாள். "இதை அவகிட்ட குடுங்க. இந்தத் தடவையாவது அவளே தின்னட்டும். போன வருஷம் ஒரு ரோலையாவது வாயில வச்சாளா? 'எங்கப்பா வகுப்பை மூடப் போறாங்க, நீ வந்து சேரு, இது உனக்கு'ன்னு அந்தத் தடியனுங்களுக்கே எல்லாத்தையும் குடுத்துட்டா!"